ஊசியக்காவின் வயிற்றெரிச்சல்

தன்னோடு எட்டு வருஷமாக ஒரே ஷிப்டில் நின்றவள் காலை உடைத்துக்கொண்டு வீட்டில் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டபோது ஊசியக்காவுக்கு ஐயோ பாவம் என்று தோன்றவில்லை. கொடுத்து வைத்தவள் என்றுதான் தோன்றியது.

ஊசியக்கா டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்தில் மூன்று நாள் அங்கே வருவார்கள். நாலு மணி நேரம் படுத்து, ரத்தத்தை மிஷினுக்குள் விட்டு, சுத்தம் செய்து திரும்ப வாங்கிக்கொண்டு போவார்கள். வந்தோம், குணமானோம், போனோம் என்கிற வைத்தியம் இல்லை. வருஷக்கணக்கில் வந்துகொண்டே இருக்க வேண்டும், தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். பன்னிரண்டு கட்டில், கட்டிலுக்கு ஒரு மிஷின். படுத்த ஒவ்வொருவர் கையிலும் இரண்டு ஊசி ஏற்ற வேண்டும். சும்மா காய்ச்சல் ஊசி இல்லை, பேனா ரீஃபில் கனத்துக்கு இருக்கும். பார்த்தாலே பாதிப் பேருக்கு நாக்கு வறண்டுவிடும். அதை ஊசியக்கா ஏற்றினால் மட்டும், "போட்டாச்சா?" என்று கேட்பார்கள். கைராசி. அதனால் வந்த பெயர்தான் ஊசியக்கா. எழுபது வயதுக்காரரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்ததோடு சரி.

வயது நாற்பத்து நான்கு. அந்தப் பிரிவில் மட்டும் பதினேழு வருஷம். கால் உடைந்தவளுக்கு ஜோடி என்று பெயர். இரண்டு பேரும் ஒன்றாகவே வந்து ஒன்றாகவே போவதால் மற்றவர்கள் வைத்தது. ஜோடி வீட்டில் ஸ்டூல் மேல் ஏறித் திரைச்சீலை மாட்டியிருக்கிறாள், ஸ்டூல் சாய்ந்துவிட்டது. கணுக்கால் இரண்டு இடத்தில் விட்டுப்போய், ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனாள். ஜோடி சோபாவில் காலை நீட்டிக் கிடந்தாள். காலுக்குக் கீழே இரண்டு தலையணை, கைக்கெட்டும் தூரத்தில் டிவி ரிமோட், அவள் புருஷன் டீயைக் கொண்டுவந்து கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

"ரொம்ப வலிக்குதாடி?"

"வலி கெடக்கு விடு. ஒண்ணு சொல்லட்டா? யாரும் என்னை 'சிஸ்டர்'னு கூப்பிட்டு அஞ்சு நாளாச்சு. காதே காலியா இருக்கு. அவ்வளவு சுகம்."

ஊசியக்கா சிரித்தாள். வயிறு எரிந்தது. அந்த மாவுக்கட்டை, அது என்னவோ தங்கக் கொலுசு மாதிரி, போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். திரும்பும்போது பஸ் படியில் நின்றபடி, இங்கேயிருந்து வழுக்கினால் கணுக்கால் மட்டும் போகுமா, இடுப்பும் சேர்ந்து போகுமா என்று யோசித்தாள். இடுப்பென்றால் மூன்று மாதம். யோசித்துவிட்டு, 'புத்தி போற போக்கைப் பாரு' என்று தன்னைத்தானே கேலி செய்துகொண்டாள். ஆனால் மறுநாளிலிருந்து ஆஸ்பத்திரி மாடிப்படியில் இறங்கும்போதெல்லாம் ஒரு கணம் நின்று படிகளைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.

ஜோடி இல்லாததால் ஆட்களை மாற்றிப் போட்டதில் அடுத்த ஷிப்டுக்கு ஆள் குறைந்தது. தலைமை நர்ஸ் அவளைக் கூப்பிட்டார். எல்லாருக்கும் அவர் மேடம். "ஆறு வாரம் ரெண்டு ஷிப்டையும் சேர்த்துப் பாத்துக்க முடியுமா?"

"பாத்துடலாம் மேடம்."

இந்தப் 'பாத்துடலாம்' அவளுக்குப் புதிதல்ல. போன வருஷம் ஒருத்திக்குப் பிரசவம் என்றபோதும் அதையேதான் சொன்னாள், மேல் படிப்புக்கு ஒருத்தி போனபோதும் அதையேதான். கடைசியாக விடுமுறை எடுத்துப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. தான் இரண்டு நாள் வராவிட்டால் பிரிவே படுத்துவிடும் என்று மனதார நம்பினாள். அந்த நம்பிக்கைதான் அவளுக்குச் சோறு, தூக்கம் எல்லாம்.

வேலையில் பிசகில்லை. எடை பார்ப்பது, ரத்த அழுத்தம் பார்ப்பது, குழாய் மாட்டுவது எல்லாம் கடிகாரம் மாதிரி நடந்தது. ஆனால் அவளுக்கு எல்லார் மேலும் பொறாமை வந்துகொண்டிருந்தது. பம்புசெட் மெக்கானிக்கான புருஷன் வேலை முடிந்து வந்து, கையில் கிரீஸோடு விசிலடித்துக்கொண்டே சட்டையைக் கழற்றினால் எரிச்சலாக இருந்தது: ஒரு பம்பு பழுது நீங்கினால் நீங்கியதுதான், நாளைக்கு மறுபடி வந்து படுத்துக்கொள்ளாது. காலேஜில் படிக்கும் மகள் விடுமுறை நாளில் பத்து மணிக்கு எழுந்து கொட்டாவி விட்டால், அந்தக் கொட்டாவி மேலேயே பொறாமை. ஆஸ்பத்திரி வாசலில் வெயிலில் சுருண்டு கிடக்கும் நாயைப் பார்த்தாலும்.

ஒருநாள் காலை மூன்றாவது கட்டிலில் இருந்த அம்மாளுக்குக் குளிர்கிறது என்று இரண்டாவது போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டாள். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். ஊசியக்காவுக்குத் தோன்றியது: 'இவங்களுக்கென்ன, நாலு மணி நேரம் அசையாம படுத்திருக்கலாம். போர்த்திவிட ஒரு ஆளு.' சிறுநீரகம் இரண்டும் செத்துப்போன ஒருத்தி மேல் பொறாமைப்படுகிறோமே என்று அப்போது உறைக்கவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

மூன்றாவது வாரம், ஜோடிக்குப் பதிலாக ஒரு பெண்ணைப் போட்டார்கள். இருபத்து நாலு வயதிருக்கும். வேறு ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் டயாலிசிஸ் பார்த்தவள். இரண்டு ஷிப்ட் சுமை இறங்கியது என்று ஊசியக்கா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவளோ முதல் நாளே மேடத்திடம் போய், "அந்தப் பொண்ணு பழகற வரைக்கும் நான் ரெண்டு ஷிப்டும் இருக்கேன்" என்றாள்.

அந்தப் பெண் சிரித்த முகம். எடை பார்க்கும்போது சிரிப்பாள், மிஷின் கத்தினால் அதனிடமும் "இரு இரு, வரேன்" என்று சிரிப்பாள். ஊசியக்கா மனதுக்குள் அவளுக்குச் சிரிப்பு என்று பெயர் வைத்தாள், அன்பினால் அல்ல. நோயாளிகள் பாப்பா என்று கூப்பிட்டார்கள். வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் பாப்பா!

சிரிப்பு ஊசி ஏற்றுவதை ஊசியக்கா ஓரக்கண்ணால் பார்ப்பாள். அப்படியொன்றும் பிரமாதமில்லை. சில சமயம் இரண்டாம் முறை குத்த வேண்டிவரும். "மன்னிச்சுக்கோங்கப்பா, உங்க நரம்பு என்னைக் கண்டா ஓடி ஒளியுது" என்பாள். இரண்டு முறை குத்துப்பட்ட ஆள் சிரிப்பார்! ஊசியக்காவின் காதில் புகை வராத குறை. தான் ஒரே குத்தில் முடிக்கும்போது யாராவது சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று எண்ணிப் பார்த்தாள். நினைவு வரவில்லை. யாராவது அழுததுகூட நினைவு வரவில்லை.

ஆனாலும் ஒரு கை அவளுடையதாகவே இருந்தது. பஸ்காரரின் கை.

பஸ்காரர் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆறு வருஷமாக ஏழாவது கட்டில். இந்த வைத்தியத்துக்கென்று கையில் ஒரு ரத்தக்குழாயை இன்னொன்றோடு சேர்த்துத் தைத்து, தடிமனாக வளர வைப்பார்கள். அதில்தான் ஊசி ஏறும். தொட்டால் உள்ளே பூனை உறுமுவது போல் அதிரும். பஸ்காரருக்கு அந்தக் குழாய் வெளியே பார்க்க நேராக இருக்கும், உள்ளே ஓர் அங்குலம் தாண்டியதும் சட்டென்று முழங்கைப் பக்கம் வளையும். தெரியாமல் நேராக விட்டால் பின் சுவரைக் கிழித்துவிடும். இது ஊசியக்காவின் விரலுக்குத் தெரியும். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எதற்கு எழுத வேண்டும்? வேறு யார் தொடப்போகிறார்கள்? "ஊசியக்கா இல்லேன்னா நான் வண்டியை எடுக்கவே மாட்டேன்" என்று பஸ்காரரே சொல்லியிருக்கிறார்.

அந்தப் பஸ்காரர் ஒரு புதன்கிழமை காலை, ஊசியக்கா தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது கையை நீட்டவில்லை.

"இன்னைக்குப் பாப்பா போடட்டுமே."

"ஏன், என் கை வலிக்குதா?"

"சேச்சே. உன் கை மாதிரி வருமா? சும்மாதான். அவளும் கத்துக்கட்டும்."

அவள் முகம் சுண்டிப்போனது. "சரி" என்று எழுந்தாள். ஆறு வருஷம், வாரத்துக்கு மூன்று தரம், தரத்துக்கு இரண்டு ஊசி. ஆயிரத்தெண்ணூற்றுச் சொச்சம் ஊசி. ஒரு 'சும்மாதான்' போதுமாக இருந்தது.

சிரிப்பு கையுறை மாட்டிக்கொண்டே வந்தாள். பஸ்காரரின் கையைத் தடவிப் பார்த்தவள், நின்று, ஊசியக்காவைத் தேடி வந்தாள். "அக்கா, ஏழாம் கட்டில் ஐயா கையில ஏதாவது பாத்துப் பண்ணணுமா? நீங்கதானே எப்பவும் போடுவீங்க?"

கேட்டாள். கேட்காமல் போயிருந்தால்கூட ஊசியக்கா பின்னாளில் தன்னை மன்னித்திருப்பாள். வாய்விட்டுக் கேட்டாள், அக்கா என்று கூப்பிட்டுக் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. சாதாரண கைதான்" என்றாள் ஊசியக்கா.

ஐந்து நிமிஷத்தில் ஏழாவது கட்டிலில் இருந்து "அம்மா!" என்று ஒரு சத்தம். பஸ்காரரின் கை, முழங்கைக்குக் கீழே, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கத்திரிக்காய் நிறத்தில் புடைத்தது. சிரிப்பு ஊசியை எடுத்துவிட்டு இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. டாக்டர் வந்தார். ஐஸ் வைத்தார்கள். இன்றைக்கு இந்தக் கையைத் தொட வேண்டாம், வீக்கம் வடியட்டும், நாளைக் காலை முதல் ஆளாக வரட்டும் என்றார். பஸ்காரர் கையில் கட்டோடு, உடம்பில் தங்கிய நீரோடு வீட்டுக்குப் போனார்.

ஊசியக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. அப்படித்தான் இருந்தது, மறைப்பதற்கில்லை. கோடையில் ஓட்டைப் பானையில் கையை விட்ட மாதிரி அல்ல, நிறைந்த பானையில் முகத்தையே விட்ட மாதிரி. 'பாப்பாவாம் பாப்பா' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அன்றைக்கு வீட்டில் புருஷன் விசிலடித்தபோது எரிச்சல்கூட வரவில்லை.

மறுநாள் காலை பஸ்காரரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். ஒரு நாள் தள்ளிப்போனதற்கே முகம் ஊதி, மூச்சு மேலும் கீழுமாக இழுத்தது. படுக்க முடியவில்லை, சாய்த்து உட்கார வைத்தார்கள். மேடம் கைகாட்டினார்: "அக்காவைக் கூப்பிடு. அவதான் போடணும்."

இந்த வார்த்தைக்காகத்தானே எல்லாம்? ஊசியக்கா தட்டை எடுத்துக்கொண்டு போனாள். வீங்கிய இடத்தை விட்டு மேலே இடம் தேடி, வளைவுக்குத் தப்பி, இரண்டு ஊசியையும் ஒரே மூச்சில் ஏற்றினாள். மிஷின் ஓடத் தொடங்கியது. பக்கத்தில் ஒரு மனிதர் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். தான் செய்த காரியத்தால்தான் அந்த நிலை. அவள் அவரைப் பார்த்தபோது மனதில் ஓடியது ஒன்றே ஒன்று: இவர் முதலில் புகுந்ததால் இன்றைக்கு ஷிப்ட் முடிய அரை மணி தாமதமாகும்.

அவ்வளவுதான். பயம் இல்லை, இரக்கம் இல்லை, நேற்று வந்த குளிர்ச்சிகூட இல்லை. தன் மனதைத் தொட்டுப் பார்த்தாள், மரத்துப்போன பல்லைத் தொட்ட மாதிரி இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து பஸ்காரருக்கு மூச்சு சீரானது. ரத்த அழுத்தம் பார்க்க வந்தவளிடம், மெதுவாக, "உனக்கு உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார்.

"எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன்."

"நேத்து நான் பாப்பாவைப் போடச் சொன்னது உனக்கு வருத்தம். எனக்குத் தெரியும்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "அவ குத்தினா வலிக்கும்னு எனக்குத் தெரியாதா? ஆனா அவ வந்த அன்னைக்கே கேட்டா, 'கூட யாரும் வரலையாப்பா?'ன்னு. வீட்டுக்காரி போயிட்டான்னேன். அப்படியே உக்காந்துட்டா. பத்து நிமிஷம் உக்காந்திருந்தா."

ஊசியக்காவின் கையில் ரத்த அழுத்தப் பட்டை அப்படியே நின்றது. "அம்மா இறந்துட்டாங்களா? எப்போ?"

பஸ்காரர் அவளை வினோதமாகப் பார்த்தார். "மூணு மாசமாச்சு. உன்கிட்டதானேம்மா முதல்ல சொன்னேன்? காரியம் முடிஞ்ச மறுநாள் இங்கதான் வந்தேன். 'ஊசியக்கா, அவ போயிட்டா'ன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"'அப்படியா, கையை நீட்டுங்க'ன்ன."

அவர் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிற குரலில் சொன்னார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அந்த அம்மாளை ஊசியக்காவுக்கு ஆறு வருஷமாகத் தெரியும். ஊசி போடுவதற்கு முன் புருஷனின் சட்டைக் கையைத் தானே மடித்துவிட்டுத்தான் வெளியே போவாள், வேறு யாரையும் மடிக்க விடமாட்டாள். மூன்று மாதமாகச் சட்டைக் கையை மடித்தது யார் என்று ஊசியக்கா யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. கை இருந்தது, ஊசி ஏற்றினாள்.

சாமான் அறைக்குப் போய் சலைன் பெட்டிகளின் மேல் உட்கார்ந்தாள். அழுகை வந்தால் தேவலை என்றிருந்தது. வரவில்லை. அங்கே உட்கார்ந்தபோதுதான், கட்டம் கட்டமாக, எல்லாம் புரிந்தது. அவளுக்குள் சந்தோஷம் தீர்ந்திருந்தது, துக்கம் தீர்ந்திருந்தது, பயம், பாசம், வெட்கம் எல்லாம் ஒவ்வொன்றாகத் தீர்ந்திருந்தது. வயிற்றெரிச்சல் ஒன்றுதான் மிச்சம். அது இருந்ததால்தான் மற்றவை போனதே தெரியவில்லை. இத்தனை நாள், கால் உடைந்தவள் மேலும் நாயின் மேலும் நோயாளியின் மேலும் அவள் பட்ட பொறாமைக்கெல்லாம் அர்த்தம் ஒன்றுதான்: கொஞ்சம் படுக்க வேண்டும். அதை வாயால் கேட்கத் தெரியாமல் வயிறு கேட்டிருக்கிறது.

எழுந்து நேராக மேடத்தின் அறைக்குப் போனாள். நின்றபடியே சொன்னாள்.

"நேத்து நடந்தது அந்தப் பொண்ணு தப்பில்ல மேடம். அந்தக் கையில வளைவு இருக்குன்னு எனக்குத் தெரியும். அவ கேட்டா. நான் வேணும்னே சொல்லல."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தினார். "பதினேழு வருஷ நர்ஸ்! அந்த மனுஷனுக்கு நேத்து வீட்ல ஏதாவது ஆகியிருந்தா?" என்று ஆரம்பித்து, மூச்சுவிடாமல் நாலு நிமிஷம். பிறகு சட்டென்று நிறுத்தி, "ஏன் செஞ்ச?" என்றார்.

"பொறாமை மேடம்."

"யார் மேல, அந்தக் குழந்தை மேலயா?"

"எல்லார் மேலயும். உங்க மேலகூட. உங்க அறையில கதவு இருக்கு."

மேடம் அந்தக் கதவைப் பார்த்தார். வருகைப் பதிவேட்டை இழுத்துப் புரட்டினார், பின்னால், இன்னும் பின்னால். "பதினாலு மாசம்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "நீ முடியாதுன்னு ஒரு தரம் சொல்லியிருக்கலாம்ல? நானும் ஒரு தரம் வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்." அப்புறம் நடந்ததை எழுதி வாங்கினார். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. ஊசியக்கா அதை மறுப்பு சொல்லாமல் வாங்கிக்கொண்டாள். ஊழியர்களைப் பார்க்கும் டாக்டரிடமும் அனுப்பினார்கள். தூக்கம் எப்படி, பசி எப்படி, வேலைக்குக் கிளம்பும்போது என்ன தோன்றும், நோயாளியைப் பார்த்தால் என்ன தோன்றும் என்று கேட்டுவிட்டு, அவர், "இதைப் பர்ன்-அவுட்னு சொல்வோம். அடுத்தவங்களைப் பாத்துக்கற வேலையில இருக்கறவங்களுக்கு அதிகம் வரும்" என்றார். ஆறு வாரம் ஓய்வு எழுதினார்.

"ஆறு வாரமா? அதுவரைக்கும் ஊசி யார் போடுவா?"

"அந்தக் கேள்வியும் இதுல சேத்திதான்" என்றார் டாக்டர்.

சிரிப்பிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. கை கழுவும் இடத்தில் வைத்துச் சொன்னாள். மன்னித்துவிட்டேன் அக்கா என்று அந்தப் பெண் சொல்வாள் என ஒரு நப்பாசை. சிரிப்பு குழாயை மூடினாள். அவள் முகத்தைச் சிரிப்பில்லாமல் பார்ப்பது ஊசியக்காவுக்கு அதுதான் இரண்டாம் முறை.

"அன்னைக்குலருந்து என் கையையே பாத்துக்கிட்டு இருக்கேன். இந்தக் கைக்கு இந்த வேலை வேணாம்னு எங்கம்மாகிட்டச் சொல்லிட்டேன். நீங்க கூடவே நின்னு பாத்துட்டு இருந்தீங்க." கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

முதல் வாரம் ஊசியக்கா தூங்கினாள். பகலில் தூங்கினாள், சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள், தூங்கி எழுந்த களைப்பில் தூங்கினாள். புருஷன் சமைத்தார். உப்பு ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது, ஒருநாள் இரண்டு நாளைக்கும் சேர்த்து இருக்கும். "பம்புக்கு கிரீஸ் வைக்கிற மாதிரியே எண்ணெய் விடுறீங்களே" என்று மகள் சொன்னாள். ஊசியக்கா எதையும் கவனிக்காமல் விழுங்கினாள்.

இரண்டாவது வாரம் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிரிவில் இருந்து யாராவது கூப்பிடுவார்கள், 'அக்கா, நீங்க இல்லாம ஒண்ணும் ஓடல' என்பார்கள். போன் அடிக்கவில்லை. பொறுக்க முடியாமல் ஜோடிக்கு அடித்தாள். ஜோடி வேலைக்குத் திரும்பி மூன்று நாளாகியிருந்தது.

"எப்படிடி போகுது அங்க?"

"நல்லாத்தான் போகுது. ஏன்?"

"ஒண்ணும் சிக்கல் இல்லையே?"

"ஒரு சிக்கலும் இல்ல. நீ தூங்கு."

ஊசியக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள். தான் இல்லாமல் பன்னிரண்டு மிஷினும் ஓடுகின்றன. அந்த மிஷின்கள் மேலேயே பொறாமை வந்தது. துரோகிகள்.

மூன்றாவது வாரம், ஒரு மத்தியானம், புருஷன் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சட்டைக் கையை மடித்தாள். மடித்த கையை விடாமல் நின்றாள். பஸ்காரரின் மனைவி நினைவுக்கு வந்தாள்: மடிப்பு கோணலாக இருந்தால் பிரித்து மறுபடி மடிக்கும் அந்த விரல்கள், "பாத்துப் போடும்மா, வாய்தான் பெருசு, வலி தாங்கமாட்டாரு" என்று கண்ணடிக்கும் முகம். இஸ்திரிப்பெட்டியை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். இடையில் நின்றது, பிறகு பஸ்காரரின் திறந்த வாய் கண்முன் வந்து, மறுபடி பிடித்துக்கொண்டது. மகள் காலேஜிலிருந்து வந்து பார்த்துப் பயந்துபோனாள்.

"என்னம்மா ஆச்சு? யாருக்கு என்ன?"

"ஒருத்தங்க இறந்துட்டாங்க."

"எப்போ?"

"நாலு மாசமாச்சு" என்றாள் அம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. மகள் ஒன்றும் விளங்காமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அழுகை வந்ததுபோலவே கோபமும் வந்தது, பசி வந்தது, செய்ததை நினைத்து வெட்கம் வந்தது. வெட்கம்தான் அதிக நாள் தங்கியது. சும்மா இருக்க முடியாத ஒரு நாள், மகளின் பழைய வரைபடத் தாள்களை எடுத்து, கண்ணை மூடி, தன் விரலுக்குத் தெரிந்த கைகளை ஒவ்வொன்றாக வரையத் தொடங்கினாள். எந்தக் கையில் குழாய் எங்கே வளைகிறது, எது ஆழம், எது வழுக்கும், எந்தப் பக்கமாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். முப்பத்தோரு கை வந்தது.

ஆறு வாரம் முடிந்து வேலைக்குப் போன காலையில் தாள்களை மேடத்திடம் கொடுத்தாள். மேடம் ஒவ்வொன்றையும் நோயாளிகளின் கோப்பில் சேர்க்கச் சொன்னார். இனி ஒரு ஷிப்ட்தான், வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு என்று எழுதிக் கொடுத்தார். ஷிப்ட் பட்டியலில் மற்ற நர்சுகளுக்கும் அதேதான் எழுதியிருந்தது.

சிரிப்பு அவளைப் பார்த்ததும், "வாங்கக்கா" என்றாள். அளவான வாங்க. அவள் போய்விடாமல் இருந்ததே பெரிது என்று ஊசியக்காவுக்கு இருந்தது. பஸ்காரரின் படத்தை மட்டும் சிரிப்பு கையிலேயே வாங்கிப் பார்த்தாள்.

"இந்த இடத்துலதானா?"

"ஆமா. இங்க வந்ததும் ஊசியைப் படுக்க வச்சுடணும்."

"ம்."

அவ்வளவுதான் பேச்சு. ஏழாவது கட்டிலுக்குப் பஸ்காரர் வந்ததும் கையை நீட்டினார், சிரிப்பின் பக்கம். சிரிப்பு ஒரே குத்தில் ஏற்றிவிட்டாள். "பாப்பா, சபாஷ்!" என்றார் பஸ்காரர், பிரிவே கேட்கும்படி. ஊசியக்காவின் வயிற்றில் சுருக்கென்றது. பழைய இடத்தில், பழையபடியே. அவள் பொறாமை எங்கேயும் போய்விடவில்லை. அதை வைத்துக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏழாவது கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஐயா, அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு நான் கேக்கவே இல்ல."

"இப்ப கேக்கறியா?"

"சொல்ல இஷ்டமிருந்தா."

பஸ்காரர் தலையணையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். மூன்றாவது கட்டில் மிஷின் கத்தியது. ஊசியக்கா எழப்போனாள். "நான் பாக்கறேன், நீ இரு" என்று ஜோடி லேசாகக் காலைத் தாங்கிக்கொண்டு போனாள்.

"அது ஒரு வெள்ளிக்கிழமை" என்றார் பஸ்காரர். "காலையில என்கூடச் சண்டை போட்டா. எதுக்குன்னு கேளேன்."

"எதுக்கு?"

"நான் தண்ணி ஒரு டம்ளர் அதிகமாக் குடிச்சுட்டேனாம். உன்கிட்டச் சொல்லிக் குடுக்கறேன்னு மிரட்டினா." அவர் சிரிக்க ஆரம்பித்து, அது பாதியில் வேறாக மாறி, கண்ணைத் துடைக்க ஊசியில்லாத கையைத் தூக்கினார்.